சமஸ்தானத்துத் துப்பாக்கி யாருக்குக் காவல்?

(திருக்கோகர்ணம் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் கூடியிருக்கும் இதே திருக்கோகர்ணத்தில் ஒரு மியூசியம் இருக்கிறது. 1910ஆம் ஆண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் ஏற்படுத்தியது. தொண்டைமான்கள் காலத்து ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. பார்க்கப் போகிற பிள்ளைகள், “இது எந்த ராஜாவுடையது?” என்று கேட்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதைத் தூக்கிச் சுமந்தவன் யார்? யாருடைய உத்தரவுக்கு இது வெடித்தது?

அந்நாளில் பாளையங்களில் வழங்கியது திரித் துப்பாக்கி. குழலில் மருந்தை இட்டு, குண்டைப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். பிறகு கனலும் திரியை மருந்தில் தொடவைக்க வேண்டும். மருந்து என்பது என்ன? வெடியுப்பு, கந்தகம், கரி. மூன்றில் வெடியுப்புதான் பெரும்பங்கு. மழை பெய்தால் திரி அணைந்துபோகும். கும்பினிப் பட்டாளத்தின் கையில் இருந்ததோ சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. குதிரையைத் தட்டினால் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடுவான். முனையில் கத்தி வேறு.

ஆனால் தோழர்களே, துப்பாக்கி மட்டுமே கும்பினியை ஜெயிக்க வைத்துவிடவில்லை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையைத் தாக்கியபோது அடிபட்டுத் திரும்பினான். 1801 மார்ச்சிலும் வெள்ளைப்பட்டாளம் அதே கோட்டையில் தோற்றது. ஈட்டியும் நாட்டுத் துப்பாக்கியும் வைத்திருந்த குடிமக்கள்தான் அதைத் தடுத்தார்கள். பெரிய பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்த பிறகே, மே மாதம் கோட்டை விழுந்தது.

அப்படியானால் கும்பினியின் பலம் எங்கே இருந்தது? நம்மவனை நம்மவன்மேல் ஏவியதில் இருந்தது. 1750களில் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது வெள்ளைக்காரனுக்குச் சோறு போட்டது புதுக்கோட்டை. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் தொண்டைமானின் ஆட்களே. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்த போரிலும் தொண்டைமான் கும்பினி பக்கமே நின்றார். கூலி? 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் கிடைத்தன. அதற்கும் ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்று நிபந்தனை போட்டான் வெள்ளைக்காரன். யானையை அவன் வற்புறுத்தி வாங்கவில்லை. ஆனால் எஜமான் யார் என்பதை எழுதிவைத்துக்கொண்டான்!

அந்தப் படையில் போனவர் யார்? அமரகாரர்கள். துண்டு நிலத்தை மானியமாகப் பெற்று, கூப்பிட்டபோது ஆயுதம் எடுத்துப் போன குடியானவர்கள். உழுத கைதான் துப்பாக்கியையும் பிடித்தது. சண்டை ஓய்ந்ததும் அவர்கள் தேவைப்படவில்லை. 1888 இனாம் ஏற்பாட்டோடு அந்த முறையும் முடிந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டு பிறந்த நாளில், சமஸ்தானத்துப் பட்டாளம் நூற்றுச் சொச்சம் பேர்தான். பீரங்கி மரியாதைக்கு வெடித்தது, ஊர்வலத்துக்கு உருண்டது.

வேலை முடிந்ததும் கும்பினி என்ன செய்தது? மருதுபாண்டியரைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவு பாளையக்காரச் சீமைகளில் ஆயுதம் கூடாது என்று பிரகடனம் போட்டான். 1857 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு மட்டமான துப்பாக்கி. முறுக்குக்கோடு இட்ட நல்ல துப்பாக்கி வெள்ளைச் சிப்பாய்க்கு. பீரங்கிகளும் பெரும்பாலும் வெள்ளையன் வசம். 1878இல் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம்! வயல்காட்டில் கிடந்தவனுக்கு எங்கே லைசென்ஸ்? பெரிய மனிதர் வீட்டுச் சுவரில்தான் துப்பாக்கி தொங்கியது.

1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜா போனார். துப்பாக்கிகள் கண்ணாடிக்குள் போயின. கதை அதோடு முடிந்ததா?

இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம் போல இருக்கும் திருச்சியில் 1966இல் சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. இப்போது துப்பாக்கி கடல் கடந்து வரவேண்டாம். நம் தொழிலாளி கடைசல் யந்திரத்தில் அதன் குழலைக் கடைகிறான். 2021இல் அப்படி நாடெங்கும் 41 ஆலைகள், சுமார் 70,000 தொழிலாளிகள் இருந்தார்கள். 2021 அக்டோபர் 1ஆம் தேதி அந்த ஆலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது மத்திய சர்க்கார். சங்கங்கள் எதிர்த்தன. வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிக்கப் போகிறார்கள் என்றதும், ஜூன் 30ஆம் தேதியே அவசரச் சட்டம் வந்துவிட்டது. வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால் ஓராண்டு வரை சிறை என்றது அது. தூண்டினால் இரண்டாண்டு வரை சிறை என்றது!

யோசித்துப் பாருங்கள். அன்று துப்பாக்கியைச் சுமந்த அமரகாரனை எந்தப் போர், யாரோடு போர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று துப்பாக்கியைச் செய்கிறவனையும், ஆலையை என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டவர்களுக்குச் சட்டம் மட்டும் தயாராக இருந்தது.

நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவலுக்கு ஆயுதம் செய்யும் கைக்கு வாயும் இருக்கட்டும் என்கிறோம். இரவல் துப்பாக்கியோடு நின்ற சமஸ்தானம் இரவல் புத்தியோடும் நின்றது. ஆகையால் நாளைக்கே உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போங்கள். துப்பாக்கியைக் காட்டுங்கள். ராஜா பெயரோடு, சுமந்த நம் பாட்டன் பெயரற்ற கதையையும் சொல்லுங்கள். திருச்சித் தொழிலாளி கூப்பிடும்போது, பஞ்சாலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் பக்கத்தில் போய் நில்லுங்கள்.