ஒரே பெட்டியில் உட்காருவோம்



"பழைய நினைவு ஏதாவது பேசுங்க சார்" என்றார்கள். ஒன்றைச் சொல்கிறேன். அது பெருமைப்படத்தக்கது அல்ல.

வேலை கிடைத்துத் தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வந்த காலம். அரக்கோணம் தாண்டியதும் நாலைந்து கல்லூரி மாணவர்கள் ஒரு புதுப் பையனைச் சூழ்ந்துகொண்டு, "எங்க ரூட்ல வர்றதுன்னா எங்க தல சொல்றதைக் கேட்கணும்" என்று மிரட்டினார்கள். அவன் பெட்டி முழுக்க ஒரு பார்வை பார்த்தான். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். மறுவாரம் அவனும் அந்தக் கூட்டத்தோடு நின்று பாடிக்கொண்டிருந்தான். துணைக்கு நாங்கள் வரவில்லை. வந்தவர்களோடு அவன் போய்விட்டான்.

2024 அக்டோபர் 4 அன்று சென்னை சென்ட்ரல் பகுதியில் நம் திருத்தணிப் பக்கத்து மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு, 9-ஆம் தேதி இறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்தவர். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1909-இல் ஆசிரியப் பணியைத் தொடங்கிய கல்லூரி அது. கைதானவர்களும் வேறொரு கல்லூரியின் மாணவர்களே. ஒரு வீட்டில் பிள்ளை இல்லை. மற்ற வீடுகளின் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போனார்கள்.

2019-இல் சென்னையில் பேருந்துக்குள் பட்டாக்கத்தி வெட்டு நடந்தபின், 'ரூட் தல'களிடம் காவல்துறை நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கியது. பத்திரம் கையைக் கட்டும், மனசைக் கட்டுமா? 2025 டிசம்பரில் நம்ம ஊரிலேயே பதினேழு வயதுச் சிறுவர்கள் ஒரு வடமாநிலத் தொழிலாளியை அரிவாளால் வெட்டினார்கள். ஆகவே முன்கூட்டியே தொடங்க வேண்டும். சென்னைக் காவல்துறை 2022-இல் 100 பள்ளிகளில் 'சிற்பி' திட்டத்தை எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்துத்தான் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் காவல் சிறார் மன்றங்கள் மாலையில் பாடமும் விளையாட்டும் தருகின்றன.

ரயில் பெட்டி நம் பொறுப்பு. கல்லூரி திறக்கும் மாதம், காலை ரயிலில் போகும் நம் சங்கத்தார் ஆளுக்கொரு பெட்டியில் ஏறுவோம். புதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஊர் தம்பி? என்ன மேஜர்?" என்று கேட்போம். நம் தொலைபேசி எண்ணைக் கொடுப்போம். தம்பிகளே, யாராவது மிரட்டினால் வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

நம் மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் மேலே போகிறோம். இந்த வேலையும் அப்படியே, ஒவ்வொரு பையனாக.

இனி நான் ரயிலில் செய்தித்தாள் விரிக்கமாட்டேன்.