பாதை அக்கரையில் நிற்கிறது

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது சுகாதாரம் பற்றிய உரை. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்கினால் பாதிப்பேர் தேநீருக்கு எழும்பிவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் வகுப்புத் தோழியர் பத்துப் பன்னிரண்டு பேராகக் கூடி, எங்கள் எல்லோருக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று யோசித்தோம். வாவியைக் கடக்கக் காத்திருந்ததுதான்.

தொண்ணூறுகளில் விடுதியில் இருந்தவர்களில் அநேகர் படுவான்கரைப் பிள்ளைகள். கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, மண்டூர் என்று ஊர்கள். தவணை விடுமுறை முடிந்து திரும்பினால் மண்முனையிலோ குருக்கள்மடத்துக்கு வரும் துறையிலோ குருமண்வெளிக்கு வரும் துறையிலோ பாதைக்கு நிற்க வேண்டும். நகரத்துத் தங்கைமாருக்காகச் சொல்கிறோம். எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு அல்ல. மிதவைகளின் மேல் பலகைத் தட்டு, அதன் மேல் மனிதர், மாடு, உழவு இயந்திரம், நெல் மூட்டை, எல்லாம் ஒன்றாகக் கடக்கும் வாகனம். தெரு முடிந்த இடத்தில் அதுதான் தெரு என்பதால் அந்தப் பெயர் வந்ததோ என்னவோ.

தாமதத்துக்குக் காரணம் பலவாறு. கோயில் திருவிழா என்றால் சனம் கரை நிறையும். மழைக்காலத்தில் ஆற்றுவாழை கூட்டமாக மிதந்து வந்து வழியை அடைக்கும். பாலமீன்மடு முகத்துவாரம் மணலால் மூடியிருக்கும்போது பெருமழை பெய்தால் வாவி ஏறி இறங்குதுறை தண்ணீருக்குள் போய்விடும். பிறகு முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்து பாதை கரையை எட்டாமல் சேற்றில் தட்டி நிற்கும். வயல் மூழ்குகிறது, வெட்டுங்கள் என்று ஒரு பக்கம் கேட்பார்கள், பொறுங்கள் என்று வேறொரு பக்கம் கேட்பார்கள். பெரியவர்களின் அந்த வழக்கு எங்களுக்கு விளங்கவில்லை. பாவாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. யுத்த காலத்தின் காத்திருப்பு வேறு வகை. இரு கரையிலும் சோதனை, புத்தகப் பையைக் கொட்டிக் காட்டுதல், திடீரென்று இன்று போக்குவரத்து இல்லை என்ற செய்தி. அதைப் பற்றி நாங்கள் தங்களுக்குள் பேசுவதோடு சரி.

சாதாரண தரப் பரீட்சையின்போது ஒரு தோழி முதல் நாள் ஊருக்குப் போய்விட்டாள், பாட்டிக்குச் சுகமில்லை என்று. மறுநாள் காலை பாதையின் இயந்திரம் பாதி வாவியில் நின்றுவிட்டது. கரையில் நின்ற மீன்காரர் ஒருவர் தோணியைக் கொண்டுபோய் அவளை மட்டும் இறக்கி எடுத்தார். "பரீட்சைப் புள்ளயக் குடுங்க, மத்தவங்க இருங்க" என்றாராம். மண்டபக் கதவு சாத்துவதற்குச் சில நிமிடம் முன்னதாக ஈரப் பாவாடையோடு வந்து உட்கார்ந்தாள். அன்று கணிதம். அவள் இன்று கணித ஆசிரியை. இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான், மன்னிக்க வேண்டும்.

எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் கப்பலில் பொறியியலாளர். 2023இல் பனாமாக் கால்வாய் வாசலில் நாட்கணக்காக நங்கூரம் போட்டு நின்றதாகச் சொன்னார். அங்கே கப்பலைப் பெரிய தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் நிரப்பிப் படிபடியாக மேலே ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீர் கடுன் ஏரியின் நன்னீர். ஒரு கப்பல் கடந்து போக ஏறத்தாழ 20 கோடி லீற்றர் கடலுக்குப் போகிறது. அந்த ஆண்டு மழை பொய்த்து ஏரி வற்றியதால் நாளாந்தம் விடும் கப்பல்களின் தொகையைக் குறைத்தார்கள். "கடலில் நின்றுகொண்டு மழைக்குக் காத்திருந்தோம்" என்றார். சூயஸில் 2021 மார்ச்சில் ஒரே கப்பல் குறுக்கே இறுகி 6 நாள் வழி அடைத்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே கால்வாயின் நடுவிலுள்ள ஏரியில் 1967 யுத்தத்தில் சிக்கிய 14 கப்பல்கள் 1975 வரை வெளியே வரவில்லை. மாலுமிகள் மாறி மாறி வந்து, தங்களுக்குள் விளையாட்டுப் போட்டி வைத்து, தபால் முத்திரையும் செய்து காலம் கழித்தார்களாம்.

மாலுமிக்குக் காத்திருப்பு கதையாகிறது. சரக்குக் கப்பல் பொறுக்கும். பொறுக்காத சரக்கும் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

நாங்கள் இளம் வைத்தியர்களாக எழுவான்கரையில் வேலை செய்த காலம். மண்முனைப் பாலம் இன்னும் கட்டப்படவில்லை. ஒரு மாரி இரவு, படுவான்கரையிலிருந்து ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். முதல் பிள்ளை, வலி திடீரென்று வந்து வீட்டிலேயே பிறந்துவிட்டது. பிள்ளை நலம். தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. பிரசவத்துக்குப் பின்னான கடும் இரத்தப்போக்கில், ஒன்றும் செய்யாவிட்டால் சராசரியாக 2 மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். இவர்கள் துறையிலேயே ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள். பாதை இக்கரையில் கட்டிக் கிடந்தது. ஓட்டுபவரின் நேரம் முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் டோர்ச் அடித்து அடித்துக் கூப்பிட்டு, கடைசியில் இறால் பிடிக்க வந்த தோணி ஒன்று ஏற்றி வந்தது.

நாடி எங்கள் விரலுக்குத் தட்டவே இல்லை. இரத்தம் ஏற்றினோம், ஊசிகள் போட்டோம், கருப்பையை அழுத்திப் பிடித்தோம். விடிவதற்கு முன் கருப்பையை அகற்றித்தான் உயிரைக் காக்க முடிந்தது. அவவுக்கு வயது 22. அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் அகற்ற வேண்டி வந்திராது என்பது எங்கள் கணிப்பு. கணவரிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: "பாதை அக்கரையில நிண்டது டொக்டர்."

காலையில் பாதை ஓட்டுபவர் வந்து விடுதி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "புள்ள தப்பிட்டாவா?" என்று கேட்டார். தப்பிவிட்டா என்றோம். மற்றதை அவரிடம் சொல்லவில்லை. அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

1994இல் தடேயுஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்களைக் குறித்தார்கள். போவோமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எங்கள் நாட்டில் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடுவீடாகப் போய்ச் செய்த வேலையால் 1 இலட்சம் பிறப்புக்குத் தாய்மார் இறப்பு 30ஐ ஒட்டிய அளவுக்குக் குறைந்திருக்கிறது. அது சின்னக் காரியமல்ல. ஆனால் இரண்டாவது தாமதத்தின் மேல் வாவி கிடக்கிறது.

பாலங்கள் வந்தன. 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதியது, 2014இல் மண்முனைப் பாலம், இரண்டும் ஜப்பானிய உதவி. மண்முனையில் முதல் தடவை நிற்காமல் கடந்தபோது எங்களில் ஒருத்தி வாகனத்தை ஓரம் கட்டி அழுதாள். ஆனால் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே நாங்கள் அறிந்தது பாதைதான். மண்டூரிலிருந்து வெல்லாவெளி சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரலாம் என்பார்கள். வரலாம், வெள்ளம் அந்தத் தெருவை மூடாத நாளில்.

தாய்மார் முன்கூட்டியே வந்து வைத்தியசாலையில் தங்கலாம், இடம் கொடுப்பார்கள். ஆனாலும் வருவதில்லை. ஏன் என்று கேட்டுப் பார்த்தோம். மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது, கூட வரும் மாமி எங்கே படுப்பது, இவைதான் பதில். வாவியைச் சொல்லி முதல் தாமதத்தை மறந்துவிட்டோம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆகவே சங்கத்திடம் எங்கள் வகுப்பின் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை எடுத்து, வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய வீடு வாடகைக்கு எடுக்க வேண்டும். நான்கு கட்டில், ஒரு குசினி, பிள்ளைகள் விளையாட ஒரு முற்றம் போதும். மாரி தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை வரையாவது. முதல் ஆண்டு வாடகைக்கு எங்கள் வகுப்பு பணம் சேர்த்துவிட்டது. கட்டில்கள் இரண்டும் கிடைத்துவிட்டன. இன்னும் இரண்டு கட்டில், நுளம்பு வலை, பாத்திரம், இரவில் கூட இருக்க ஒருவர் தேவை. பெயர் எழுதும் கொப்பி மண்டப வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம்.