நாளை எங்கிருந்து எண்ணுவது?



சென்ற மாதம், தஞ்சோங் ரம்புத்தானில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். மணமாகி மூன்று ஆண்டு. "டீச்சர், பதினான்காம் நாள்தான் கணக்கு என்றார்கள். அப்படித்தான் இருக்கிறோம், ஒன்றும் தங்கவில்லை" என்று அழுதாள். மாமியார் சொன்ன சொல்லை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தோம். அவளுக்கு மாதவிலக்கு 34 நாளுக்கு ஒரு முறை வருகிறது. கோளாறு அந்தக் கணக்கில்தான்.

பதினான்கு என்பது பின்னாலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 12 முதல் 16 நாள் முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது என்று 1924இல் ஜப்பானிய மருத்துவர் ஒகினோ எடுத்துச் சொன்னார். ஆகவே 28 நாளுக்கு ஒரு முறை விலக்காகிறவளுக்கு அது 14ஆம் நாளை ஒட்டி வரும். இந்தப் பெண்ணுக்கு 20ஆம் நாளை ஒட்டி வரும். விலக்கு கண்ட நாள்தான் முதல் நாள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். கணக்கு அங்கேயே பிசகிவிடும்.

வெளிவந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரைகூட இருக்கும். எனவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரிக்கும் நாட்கள். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். இவர்கள் 14ஆம் நாளோடு விட்டுவிட்டார்கள். உரிய நாட்கள் தொடங்கியதே அதன் பிறகுதான்.

விலக்கு முன்பின்னாக வருகிறவர்களுக்கு நாள்காட்டி உதவாது. அவர்கள் உடலின் குறியைக் கவனிக்கலாம். முட்டை வரும் தறுவாயில் வெள்ளைப்படுதல், பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல் தெளிவாக, இழுத்தால் நூலாக நீளும். காலையில் எழுமுன் உடல்சூடு பார்ப்பதும் உண்டு. ஆனால் முட்டை வந்த பிறகே சூடு சற்று ஏறும். நடந்ததைச் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து பால்மரம் வெட்டப் போன நம் தாய்மாருக்கு இது சரிப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் மகளுக்குச் சரிப்படாது.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு வயது 35 ஆகிவிட்டால் ஆறே மாதத்தில், அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். இருவரும் போங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். அவருக்கான விந்துச் சோதனை எளியது, வலியில்லாதது. பெண்ணை மட்டும் கோயில் கோயிலாக அலைய வைப்பது நியாயமில்லை.

அந்தப் பெண் போகச் சம்மதித்துவிட்டாள். கணவர்தான் இன்னும் யோசிக்கிறார். அவரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.