மருந்தும் சிறுநீரகமும்

செங்கற்பட்டுக்கு அருகே திருமணி என்னும் சிற்றூரில் 1924 ஆம் ஆண்டு ஒரு தொழுநோய் மருத்துவமனை தோன்றியது. 1955 இல் மத்திய அரசு அதனை ஏற்று, போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிலையமாக்கிற்று. தொழுநோயை வென்ற மருந்துகளுள் தலையாயது ரிபாம்பிசின். கூட்டு மருந்து முறையில் பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை 600 மில்லிகிராம் அளவில் அது தரப்படுகிறது. எண்ணற்றோர் அதனால் நலம் பெற்றனர். ஆயினும், மிக அரிதாக, இடைவிட்டு மீண்டும் அதனை உண்ணும் ஒருவருக்குக் குளிர்காய்ச்சலும் இடுப்பு வலியும் கண்டு, சிறுநீர் குறைந்து நின்றுபோவதுண்டு. முன்பு உண்டபோது உடல் அம்மருந்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. மீண்டும் வரும்போது பகையென்று எதிர்க்கிறது. அந்தப் போரில் சிறுநீரகம் அடிபடுகிறது. இதனை முன்னரே உணர்வதற்கு மருத்துவருக்கு வேண்டிய முதற் கருவி எது? "ஐயா, இந்த மாத்திரையை முன்பு எப்போதேனும் சாப்பிட்டு நிறுத்தினீர்களா?" என்ற ஒரு கேள்விதான்.

மாணவ நண்பர்களே, மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இதயம் செலுத்தும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே வெளியேறுகிறது. எஞ்சியதெல்லாம் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இவ்வாறு நீர் சுருங்கச் சுருங்க, அதில் கரைந்த மருந்து செறிவடைகிறது. ஜெண்டாமைசின் போன்ற மருந்தோ சிறுகுழாய்களின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து தங்கிவிடும். அதன் தீங்கு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களுக்குப் பின்னரே வெளிப்படும். குருதியில் நாம் அளக்கும் கிரியேட்டினின் என்ற பொருளும் சோம்பேறிக் காவலன். வடிகட்டும் ஆற்றலில் பாதியளவு போன பின்புதான் பல வேளைகளில் அது குரல் கொடுக்கும். ஆகையால் அது உயரட்டும் என்று காத்திருப்பது முன்னறிதல் ஆகாது.

மாமல்லபுரத்துக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் வலை இழுப்போர் வெயிலில் நாளெல்லாம் வியர்க்கிறார்கள். தெற்கே செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களில் நிலைமை இன்னும் கடுமை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் வெப்பமும் நீர்க்குறைவும் சிறுநீரகத் தளர்ச்சியும் கூடியிருப்பதை 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இத்தகைய உழைப்பாளி ஒருவர் மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். உடலில் நீர் வற்றியபோது சிறுநீரகத்தின் குருதிக்குழாயைத் திறந்து வைக்கும் பொருளை அம்மாத்திரை தடுத்துவிடுகிறது. அவரே பேதியுற்று மருத்துவமனைக்கு வருகிறார். முன்பே இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை உண்பவர். அங்கே ஜெண்டாமைசின் ஊசியும் சேருகிறது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு மருந்துக்கும் நியாயம் உண்டு. நான்கும் ஒரே படுக்கையில் கூடுவதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை 2011 இல் ஓர் எளிய ஏற்பாட்டைத் தொடங்கியது. சிறுநீரகத்தைத் தாக்கவல்ல மருந்துகள் மூன்றோ அதற்கு மேலோ ஒருங்கே பெறும் குழந்தைகளையும், ஜெண்டாமைசின் இனத்து மருந்தை மூன்று நாள் ஊசியாகப் பெறும் குழந்தைகளையும் மருந்தாளுநர் நாள்தோறும் பட்டியலிட்டார்; அவர்களுக்கு நாள்தோறும் கிரியேட்டினின் அளக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இத்தகைய மருந்துச் சேர்க்கை 38 சதவீதமும், சிறுநீரகக் காயம் 64 சதவீதமும் குறைந்தன. ஒரு பட்டியலும் ஒரு சோதனையும் செய்த வேலை இது! என்னைக் கேட்டால், நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு முதலில் வேண்டியது இதுவே என்பேன்.

கணிப்பொறியும் துணைக்கு வந்துள்ளது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் 7 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் குறிப்புகளைக் கொண்டு பழக்கப்பட்ட ஒரு முறை, 2019 இல் வெளியிடப்பட்டது. சிறுநீரகக் காயங்களில் 55.8 சதவீதத்தை 48 மணி நேரம் வரை முன்னதாக அது சொல்லிற்று. ஒவ்வொரு மெய் எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கைகளும் எழுந்தன. அந்நோயாளருள் பெண்கள் ஏறக்குறைய 6 சதவீதமே. செய்யூரில் உப்பு வாரும் பெண்ணைப்பற்றி அந்தப் பொறி என்ன அறியும்?

புட்டியின்மேல் எழுதியிருப்பது உள்ளே இல்லாவிடில் எந்தப் பொறியும் தோற்கும். 2025 இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது; இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மருந்து செய்யப்பட்டது, 2019 வரை செங்கற்பட்டும் அடங்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசின் சோதனையில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது, 0.1 சதவீதமே வரம்பு. 1937 இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதே நஞ்சுதான். இங்கே முன்னறிய வேண்டிய இடம் நோயாளியின் படுக்கை அன்று. கரைப்பான் பீப்பாய் வந்திறங்கும் ஆலை வாயில்.