அமுக்குவது யார்?

(தொலைக்காட்சி அரங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பினாங்குக்குப் போய் வந்தவர்களுக்குச் சூலியா தெருவைத் தெரியாமல் இருக்காது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்களைத்தான் அங்கே சூலியா என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரிலேயே ஒரு தெரு. ஒரு மூலையில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பிய தர்கா. பக்கத்திலேயே 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பகலில் நாணயமாற்றுக் கடைகள், இரவில் தள்ளுவண்டி உணவுக் கடைகள். தெரு நள்ளிரவிலும் விழித்திருக்கும். ஆனால் அங்கே வேலை செய்கிற பிள்ளை தூங்க வேண்டாமா?

ஊரிலிருந்து வேலைக்குப் போன ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். நாசி கண்டார் கடையில் வேலை. தட்டுக் கழுவி, மேசை துடைத்து, மாடியறைக்கு ஏறும்போது மணி மூன்று. பாய் விரித்து மல்லாந்து படுக்கிறான். விடியற்காலை பாங்கு காதில் விழுகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறான், முடியவில்லை. கண் திறந்திருக்கிறது. கை கால் அசையவில்லை. கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. கதவோரம் ஓர் உருவம் நிற்கிறது. அது வந்து நெஞ்சில் உட்காருகிறது. மூச்சு முட்டுகிறது. சட்டென்று எல்லாம் விலகிவிடுகிறது. வியர்வையில் நனைந்து எழுந்து உட்காருகிறான்.

கடையின் பெரிய சமையற்காரரிடம் சொல்கிறான். அவர், "அமுக்குவான் பேய் தம்பி அது. மல்லாக்கப் படுக்காதே, நெஞ்சு மேல கையை வெச்சுத் தூங்காதே" என்கிறார். பக்கத்துக் கடை மலாய்க்காரர் 'கெனா திண்டே' என்கிறார். எதிர்க்கடைச் சீனர், பேய் கட்டிலை அமுக்குகிறது என்கிறார். ஜப்பானில் இதற்குக் 'கனாஷிபாரி' என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், கிழவி ஒருத்தி வந்து நெஞ்சில் உட்காருகிறாள் என்பார்கள். நடுவர் அவர்களே, கடவுச்சீட்டு இல்லாமல் இத்தனை நாட்டுக்கும் போய் வருகிற ஒரே பேய் இதுதான்! (சிரிப்பு)

பேய்க்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது. மனித உடம்பு மாறவில்லை. அங்கேதான் விடை இருக்கிறது.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைகின்றன. பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தெளிவான கனவு வருகிறது. கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாது அல்லவா? அதற்காக மூளை கை கால் தசைகளைத் தளர்த்திக் கட்டிப் போடுகிறது. கண்ணும் உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். சில நாள் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. உடம்பு தூக்கத்தில், அறிவு விழிப்பில், கனவு பாதியில். நெஞ்சுக்கூட்டுத் தசைகள் ஒத்துழைக்காததால் ஆழமாக மூச்சிழுக்க முடியவில்லை. அதுதான் நெஞ்சில் பாரம். சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். தானாக விலகிவிடும்.

இது அபூர்வமும் அல்ல. 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி நூற்றில் ஏறக்குறைய 8 பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவிக்கிறார்கள். மாணவர்களில் அது 28 பேர். இரவில் கண் விழிக்கிறவர்களுக்கு அதிகம் வருகிறது. மல்லாந்து படுத்தாலும் அதிகம் வருகிறது. சமையற்காரர் காரணத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம். மருந்தைச் சரியாகத்தான் சொன்னார்! (கைதட்டல்)

கதை இத்தோடு முடிந்தால் கவலை இல்லை. ஒருவர் இளைஞனிடம், "பயப்படாதே தம்பி, அது வாசல். பழகினால் உடம்பை விட்டு வெளியே போய் வரலாம்" என்கிறார். 1971இல் அமெரிக்கர் ராபர்ட் மன்ரோ எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்த ஆசை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இளைஞன் பயிற்சியில் இறங்குகிறான். பாதித் தூக்கத்தில் அலாரம் வைத்து எழுந்து, மறுபடி அசையாமல் மல்லாந்து படுக்கிறான். ஒரு நாள் கூரையிலிருந்து தன்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அதன்பின் தினமும் முயற்சி. வெளியே போனது ஒரு நாள், பேய் வந்தது இருபது நாள்! ஒரு மாதத்தில் படுக்கவே பயம். வெங்காயம் நறுக்கும்போது கண் சொருகுகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் சொருகுகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஏன் அப்படி ஆயிற்று? 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தூங்குகிறவர்களை நடுவில் எழுப்பி மறுபடி தூங்கவிட்டு, இதே அமுக்கத்தைச் சோதனைக்கூடத்தில் வரவழைத்தார்கள். அந்தப் பிள்ளை வாசல் என்று நினைத்துச் செய்ததும் இதுதான்.

சரி, கூரையிலிருந்து பார்த்தது பொய்யா? பார்த்தது போன்ற அனுபவம் உண்மை. 2002இல் ஜெனீவாவில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையில், வலப்பக்கம் ஓரிடத்தை மருத்துவர் ஒலாஃப் பிளாங்கேயின் குழு மின்சாரத்தால் தூண்டியது. படுக்கையில் கிடக்கும் தன்னையே மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது மூளை. கணக்குப் பிசகினால் ஆள் கூரையில்! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் வி.எஸ். ராமச்சந்திரன், பாலந்த் ஜலாலுடன் சேர்ந்து 2014இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். மூளை அசையச் சொல்கிறது, உடம்பிலிருந்து பதில் வரவில்லை. அந்தக் குழப்பத்தில் தன் உடம்பின் உருவத்தையே மூளை வெளியே நிறுத்தி, அந்நியன் என்று அஞ்சுகிறது என்றார்கள்.

"ரமண மகரிஷிக்கு அனுபவம் வரவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1896இல் மதுரையில், பதினாறு வயதில், திடீரென்று மரண பயம் பிடித்தபோது அவர் பிணம்போல் விறைத்துப் படுத்து, இறப்பது எது என்று விசாரித்தார். அப்போது அவர் விழித்திருந்தார். அலாரம் வைத்து எழவில்லை, ஊர் சுற்றிப் பார்க்கவும் புறப்படவில்லை. பயத்தை நேராகப் பார்த்தார். பின்பற்றுவதென்றால் அதைப் பின்பற்றலாம்.

அமுக்கம் வந்தால் என்ன செய்வது? திமிறக் கூடாது. "இது தூக்கம், விலகிவிடும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைத்துப் பார்க்கலாம். ஒருக்களித்துப் படுக்கலாம். வேலை முடிந்ததும் குடிக்கும் தே தாரேக்கை நிறுத்தலாம். தினமும் ஒரே நேரத்தில் தூங்கலாம். தர்காவிலோ கோயிலிலோ வேண்டிக்கொண்டு மனம் அமைதி அடைந்தால் அதுவும் நல்லதுதான். தகடு, தாயத்து என்று மாதச் சம்பளத்தைக் கேட்பவரிடம் மட்டும் போக வேண்டாம். அடிக்கடி வந்தாலோ, பகலில் தூக்கம் அடக்க முடியாமல் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது வேறு நோயாக இருக்கலாம்.

கடை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளைக்கு இன்று பகல் வேலை, நாளை இரவு வேலை என்று மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள். ஏழு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கவிடுங்கள். பேயும் போகும், வெங்காயமும் ஒழுங்காக நறுக்கப்படும்!

(கைதட்டல்)