எஞ்சின் எண்ணெய் எங்கே போகிறது?



பழைய டிராக்டரில் எண்ணெய் குறைந்தால், உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்வோர் பலர். பணமும் போகும், உழவுப் பருவமும் தவறும். எண்ணெய் எவ்வழியே போகிறதென்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து உலர்த்திச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். ஈரம் தோன்றும் இடங்களுள் மிக உயரமானதே கசிவின் ஊற்று; சொட்டும் இடமன்று. வெளியே ஈரமில்லையேல் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கிளப்பியதும் சிறிது வந்து மறைந்தால் வால்வுப் பகுதியையும், பாரம் இழுக்கையில் ஓயாது வந்தால் பிஸ்டன் வளையங்களையும் ஐயுறலாம்.

ஒருவரும் நோக்காத உறுப்பொன்று உண்டு: எஞ்சினின் மூச்சுக்குழாய். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் வெளிப்படும். நாமே ஒருமுறை சீலை இருமுறை மாற்றிய பின்னரே குழாயைக் கழற்றினோம். உள்ளே களிமண்போல் அழுக்கு! வெட்கமாகத்தான் இருந்தது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில், சமதரையில் நிறுத்தி, அளவுக்கம்பியைப் பார்த்து, ஓடிய மணியையும் ஊற்றிய எண்ணெயையும் டிரைவர் குறித்து வரட்டும். ஊற்றாமலே அளவு உயர்ந்திருந்தால் மகிழ வேண்டாம். டீசலோ நீரோ கலந்திருக்கும். காரணம் தெரியும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.