லாரிக்குக் கேட்கும் காகிதத்தைக் குழாய்க்கும் கேளுங்கள்!

(நாமக்கல் தெருமுனைக் கூட்டத்தில் மாவட்டக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க. உங்க வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்க.)



காஸ் டேங்கர் லாரியைப் பத்தி நாமக்கல்லுக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. தென்மாநிலங்கள் முழுக்க சமையல் எரிவாயு ஏத்திக்கிட்டு ஓடுற டேங்கர்களின் உரிமையாளர் சங்கம் இங்கேதான் இருக்கு. இந்தக் கூட்டத்தில் நிக்கிறவங்களில் டிரைவரா, கிளீனரா, பட்டறைத் தொழிலாளியா, லாரிக்காரர் வீட்டுப் பிள்ளையா இல்லாதவங்களை எண்ணிடலாம். அதனால உங்களுக்குத் தெரிஞ்ச இடத்திலிருந்தே தொடங்குறேன்.

ஒரு காஸ் டேங்கர் ரோட்டில் ஏறணும்னா என்னென்ன வேணும்? வெடிபொருள் துறையின் உரிமம் வேணும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டேங்கைத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்த சான்று வேணும். டிரைவர் மூணு நாள் பயிற்சி முடிச்சு, அபாயப் பொருள் ஓட்டலாம்னு லைசென்ஸில் பதிவு வாங்கியிருக்கணும். டேங்கரின் உடம்பிலேயே 1075 என்ற எண், உள்ளே என்ன இருக்கு, விபத்து நடந்தா யாரைக் கூப்பிடணும்னு பலகை இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் செக்போஸ்டில் நிறுத்துவாங்க. நிறுத்தணும், சரிதான். 2012 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் கண்ணூர் பக்கம் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து 20 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்காது.

இப்ப என் கேள்வி. ரோட்டு மேல ஓடுற வாயுவுக்கு இவ்வளவு காகிதம் கேட்கிறோம். ரோட்டுக்கு அடியில ஓடப்போற வாயுவுக்கு என்ன காகிதம் கேட்டிருக்கோம்?

சேலம் மாவட்டத்தில் வீடுகளுக்குக் குழாய் வழி எரிவாயு கொடுக்கும் உரிமம் 2018 ஏலச் சுற்றில் இந்தியன் ஆயிலுக்குப் போச்சு. நாமக்கல்லும் திருச்சியும் சேர்ந்த பகுதி பிறகு ஐஆர்எம் எனர்ஜி என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைச்சது. குழாய் வேண்டாம்னு சொல்ல இந்த மேடை போடலை. சிலிண்டர் எப்ப வரும்னு காத்திருக்கிற, மூணாவது மாடிக்கு அதைத் தூக்க ஆள் தேடுற வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியும். குழாய் வரட்டும். ஆனா எப்படி வருது என்பதில்தான் உயிர் இருக்கு.

இந்த மண்ணுக்குக் குழாய்ப் பிரச்சினை புதுசு இல்லைங்க. கெயில் நிறுவனத்தின் கொச்சி – பெங்களூரு குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியா போறதா வந்தப்ப, விவசாயிகள் வயலில் இறங்கிப் போராடினாங்க. 2013இல் மாநில அரசு வேலையை நிறுத்தி, நெடுஞ்சாலை ஓரமா கொண்டுபோகச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செஞ்சது. அப்ப நாம பேசினது நிலத்தின் உரிமையை. இப்ப பேச வேண்டியது தெருவின் பாதுகாப்பை.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2006 சட்டப்படி அமைஞ்சது. நகர எரிவாயுக் குழாய்களுக்கான பாதுகாப்பு விதிமுறைகளை 2008இலேயே வெளியிட்டிருக்கு. குழாய் மேல பொதுவா ஒரு மீட்டர் மண் இருக்கணும். முடியாத இடத்தில் கூடுதல் பாதுகாப்பு தரணும். மேலே எச்சரிக்கை விரிப்பு போடணும். தகுதிச் சான்று பெற்றவர்தான் இணைப்பு வைக்கணும். அழுத்தச் சோதனை முடிச்ச பிறகுதான் வாயு விடணும். கசிவை மூக்கு கண்டுபிடிக்க நாற்றம் கலக்கணும். விதியை மீறினா ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் இருக்கு. எல்லாம் எழுத்தில் இருக்கு. குழிக்குள்ளே இருக்கான்னுதான் பார்க்கணும்.

ஏன் சந்தேகப்படணும்? நம்ம பூமியைப் பாருங்க. சேலம், நாமக்கல் பக்கம் கடப்பாரை போட்டா தீப்பொறி பறக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய் போர் போடுதுன்னா, அந்தத் தொழில் இந்தப் பாறையில் பிறந்ததுதான். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு மீட்டர் தோண்டுறது செலவு. வேலை ஒரு காண்ட்ராக்டர் கையிலிருந்து சப் காண்ட்ராக்டர் கைக்கு மாறி, மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி பேசும்போது, ஒண்ணரை அடியில் பாறை வந்தா அங்கேயே குழாயைப் படுக்க வெச்சு மூடிடலாமேங்கிற ஆசை வரும். யாரையும் குற்றம் சொல்லி இதைச் சொல்லலை. ஆசை வர இடம் இருந்தா, அங்கே காவல் இருக்கணும், அவ்வளவுதான். மூடினதுக்கு அப்புறம் மேல தார் போட்டுட்டா, யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷம் சாக்கடைக்குத் தோண்ட வர ஜேசிபி டிரைவருக்குத்தான் தெரியும்.

அந்த ஜேசிபிதான் முக்கியமான ஆபத்து. உலகம் முழுக்கவே நகர எரிவாயுக் குழாய் உடையும் பெரிய காரணங்களில் ஒண்ணு, வேறு வேலைக்கு வந்தவங்க தோண்டுறது. நம்ம ஊர்களில் குடிநீர்க்கு ஒரு தடவை, பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவைன்னு ஒரே தெருவை மாறி மாறி வெட்டுறாங்க. தோண்டும் முன் அடியில் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. உங்க தெருவில் தோண்டின யாராவது அதைத் திறந்து பார்த்தாங்களா? கேட்டுப் பாருங்க.

விதி தளர்ந்தா என்ன ஆகும் என்பதற்கு மூணு ஊரைச் சொல்றேன்.

முதல் ஊர் நம்ம பக்கத்து மாநிலம். ஆந்திராவில் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டம், நகரம் கிராமம். 2014 ஜூன் 27, விடியற்காலை. கெயில் குழாய் வெடிச்சு இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. ஈரம் நீக்கிய வாயு போக வேண்டிய குழாயில் ஈரமான வாயு போய், உள்ளேயே அரிச்சுடுச்சு. குழாய் போட்டதோட கடமை முடியாது, பராமரிப்பும் சோதனையும் இருந்தாத்தான் அது பாதுகாப்பான குழாய் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

இரண்டாவது, தைவானில் காவ்சியுங் நகரம். அதே 2014, ஜூலை 31 நள்ளிரவு. மழைநீர் வடிகாலுக்கு உள்ளேயே ஒரு ரசாயன வாயுக் குழாய் போயிட்டிருந்தது. ஈரத்தில் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தது. வாயு வடிகால் வழியா தெருத்தெருவா பரவுச்சு. நாற்றம் வருதுன்னு மக்கள் தகவல் சொல்லி மூணு மணி நேரத்துக்கு மேல ஆகியும் அடைக்கலை. ரோடே பிளந்து 32 பேர் செத்தாங்க. நம்ம தெருவில் எரிவாயுக் குழாயும் சாக்கடையும் எவ்வளவு இடைவெளியில் போகுதுன்னு கேட்கிறது தேவையில்லாத கேள்வியா?

மூணாவது, அமெரிக்காவில் சான் புரூனோ. 2010 செப்டம்பர் 9. 1956இல் போட்ட குழாய் வெடிச்சு 8 பேர் இறந்தாங்க, 38 வீடு அழிஞ்சது. நிறுவனத்தின் ஆவணத்தில் அது பற்றவைப்பு இல்லாத குழாய்னு எழுதியிருந்தது. மண்ணுக்குள் கிடந்ததோ பழுதான பற்றவைப்புக் குழாய். வாயுவை நிறுத்த 95 நிமிஷம் ஆச்சு. காகிதம் இருந்தா மட்டும் போதாது தோழர்களே. காகிதத்தில் இருக்கிறதும் குழிக்குள் இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். குழி திறந்திருக்கும்போதுதான் அதைச் சரிபார்க்க முடியும்.

நம்ம சேலம் கருங்கல்பட்டியை நினைச்சுப் பாருங்க. 2021 நவம்பரில் ஒரு வீட்டில் சிலிண்டர் எரிவாயு கசிஞ்சு வெடிச்சதில் பக்கத்து வீடுகளும் சேர்ந்து இடிஞ்சு ஐந்து பேர் இறந்தாங்க. ஒரே ஒரு சிலிண்டருக்கு அந்தச் சேதம். குழாயில் வர இயற்கை எரிவாயு காற்றை விட லேசு, மேலே போயிடும், அது ஒரு நல்ல குணம். ஆனா மண்ணுக்கும் தாருக்கும் அடியில் கசிஞ்சா, மேலே போக வழி இல்லாம பக்கவாட்டில் போய் சாக்கடை, கேபிள் குழாய் வழியா வீட்டுக்குள்ளே நுழையும். சிலிண்டர் தீர்ந்தா நின்னுடும். குழாயை வால்வை அடைச்சாத்தான் நிறுத்த முடியும்.

அதனால சேலம், நாமக்கல் மாநகராட்சிகளிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் நம் கட்சி வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. சாலை வெட்ட அனுமதி கொடுக்கும்போது சீரமைப்புக் கட்டணம் வாங்கிக்கிட்டு ஒதுங்கக் கூடாது. ஆழமும், சாக்கடையிலிருந்து உள்ள இடைவெளியும் அளந்து, குழி திறந்திருக்கும்போதே படம் எடுத்து, மாநகராட்சிப் பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே மூட வேண்டும்.

2. குழாய் எந்தத் தெருவில், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் போகிறது, அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்ற வரைபடம் வார்டு அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் இருக்க வேண்டும்.

3. அழுத்தச் சோதனைச் சான்று, கசிவு ஆய்வு செய்த தேதி ஆகியவற்றைத் தெருப் பெயருடன் தமிழில் வெளியிட வேண்டும்.

4. வேறு எந்தத் துறை தோண்டினாலும், எரிவாயு நிறுவன ஆள் நேரில் நிற்காமல் இயந்திரம் இறங்கக் கூடாது.

5. குழிக்குள் இறங்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கவசமும், மண் சரியாமல் தடுப்பும், இரவில் எச்சரிக்கை விளக்கும் கட்டாயம். குழியில் முதலில் நிற்பது அவர் உயிர்தான்.

6. வாயு விடும் முன் ஒவ்வொரு வார்டிலும் மக்களை வைத்து ஒத்திகை நடத்த வேண்டும்.

அதிகாரிகள் செய்யும் வரை நாம சும்மா இருக்கணுமா? வேண்டாங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம்ம கையில் இருக்கு. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. மாநகராட்சியிடம் கேளுங்க, இந்தியன் ஆயில் அரசு நிறுவனம், அதனிடமும் கேளுங்க. தனியார் நிறுவனம்னா ஒழுங்குமுறை வாரியத்திடம் கேளுங்க. முப்பது நாளில் பதில் சொல்லணும். சேலம் மாநகராட்சியின் 60 வார்டிலும், 2024இல் மாநகராட்சியான நாமக்கல்லிலும், பகுதி சபை கூடும்போது இதைத் தீர்மானமா கொண்டுவாங்க. மனு எழுதத் தெரியலைன்னா நம் கிளை அலுவலகத்துக்கு வாங்க, எழுதித் தரோம்.

உங்க தெருவில் குழி தோண்டினா, நின்னு பாருங்க. ஒரு டேப் எடுத்து ஓரமா நின்னு அளந்து பாருங்க. மஞ்சள் அல்லது ஆரஞ்சுக் குழாய்க்கு மேல எச்சரிக்கை விரிப்பு போடுறாங்களான்னு பாருங்க. வேலை செய்யிற தொழிலாளியோட சண்டை போடாதீங்க, அவரும் நம்ம ஆளு. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கேளுங்க. கசிவு நாற்றம் வந்தா ஸ்விட்ச் போடாதீங்க, அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்து 101 அல்லது 112க்குக் கூப்பிடுங்க. சிலிண்டர் கசிவுன்னா 1906.

செக்போஸ்டில் காகிதம் காட்டாத டேங்கர் ஓடக் கூடாதுன்னு ஏத்துக்கிட்ட ஊர் இது. அதே நியாயத்தைத்தான் குழாய்க்கும் கேட்கிறோம். சான்று காட்டட்டும், அப்புறம் வாயு விடட்டும்.



#குழி_மூடும்_முன்_கணக்கு_காட்டு
#சேலம் #நாமக்கல்